பேஸ்மெண்டில் இருக்கும் பச்சைப் பை

விஸ்கான்சின்
ஏப்ரல் 14, ஞாயிறு

அன்பு மகள் சிக்னிக்கு,

இங்கே நான், அப்பா, உன் தம்பி நெல்ஸ், நாய் எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்டால் பதில் வர இரண்டு வாரமாவது ஆகும். அதனால் சுகமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் மீன்பிடிப் படகு இருபதாம் தேதிக்கு மேல்தான் அலாஸ்காவில் டச்சு ஹார்பருக்குத் திரும்பும் என்று உன் அலுவலகத்தில் சொன்னார்கள். அதுவரை இந்தக் கடிதம் அவர்கள் மேசை இழுப்பறையில் கிடக்கும். கிடக்கட்டும். எழுதிவிட்டால் எனக்குப் பாதி பாரம் குறையும். இங்கே பனி இன்னும் முழுக்கக் கரையவில்லை, கொட்டகைக்குப் பின்னால் அழுக்காக ஒரு மேடு இருக்கிறது. பள்ளிப் பேருந்தில் எனக்குப் புதுத் தடம் கொடுத்திருக்கிறார்கள். நாற்பத்தொரு பிள்ளைகள். கண்ணாடியில் அத்தனை பேரையும் பார்த்துக்கொண்டேதான் ஓட்டுகிறேன். பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்புக்கு என்ன மதிப்பு என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். நெல்ஸுக்கு உன் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. மண்ணியல். உதவித்தொகையும் தருகிறார்கள். சேருகிறானா இல்லையா என்று மே ஒன்றாம் தேதிக்குள் சொல்லியாக வேண்டும். விண்ணப்பம் போடும்போதே தடுத்திருக்கலாமே என்று நினைப்பாய். தடுக்க ஒரு காரணம் வேண்டும். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அக்காவுக்கு அங்கே மாதக்கணக்கில் படுக்க வைக்கும் மோனோ காய்ச்சல் வந்தது, படிப்பை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள் என்பதுதான். காய்ச்சல் வந்தது என்பதற்காக ஒரு கல்லூரியை யாரும் வேண்டாம் என்பதில்லை. அந்தக் காய்ச்சல் என் வாயில் பிறந்தது. மருத்துவமனையிலிருந்து உன்னை அழைத்து வரும் வழியில், பெட்ரோல் போட நின்ற இடத்தில், உன் அத்தை போன் செய்தபோது சொன்னேன். பிறகு எல்லோரிடமும் அதையே சொன்னேன். கடைசியில் நாமும் நம் வீட்டுக்குள் அப்படியே பேசினோம். நீ ஒருமுறைகூட மறுத்ததில்லை. நான் ஒருமுறைகூட உன்னைக் கேட்டதில்லை.

போன வெள்ளிக்கு முந்தைய வெள்ளி மூவரும் கல்லூரியைப் பார்க்கப் போனோம். டெலனி என்று ஒரு பெண் எங்களைச் சுற்றிக் காட்டினாள். எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே பின்பக்கமாக நடந்தாள். ஒரு படியில்கூடத் தடுக்கவில்லை. அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. மற்ற பெற்றோர் துணி துவைக்கும் இயந்திரம், சாப்பாட்டு அட்டை, குளிர்காலத்தில் அறை சூடாக இருக்குமா என்றெல்லாம் கேட்டார்கள். யாரும் கேட்காததை நான் கேட்டேன். “வெள்ளிக்கிழமை ராத்திரி பிள்ளைங்க இங்க என்னம்மா பண்ணுவாங்க?” டெலனி சிரிப்பை மாற்றாமல், “எல்லாருக்கும் ஏதாச்சும் இருக்குங்க, பவுலிங் இருக்கு, சினிமா போடுவாங்க, செவ்வாய்க்கிழமைன்னா ஐஸ்கிரீம்” என்றாள். நான் வெள்ளியைக் கேட்டேன், அவள் செவ்வாயில் போய் நின்றாள். கல்லூரி பெயர் போட்ட பழைய ஸ்வெட்டரோடு வந்திருந்த ஒரு தகப்பன், “மேடம், நான் இங்க நாலு வருஷம் படிச்சவன், எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல, அதுலேயே தெரிஞ்சுக்கங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நெல்ஸுக்குக் காது சிவந்துவிட்டது. “அம்மா, போதும்மா, விடு” என்று என் கோட்டைப் பிடித்து இழுத்தான்.

சேர வருகிற பிள்ளைகளை விடுதியில் ஒரு மாணவனோடு ஓர் இரவு தங்க வைப்பார்களே, உனக்கும் செய்தார்கள், அப்படி நெல்ஸ் அங்கே தங்கினான். நாங்கள் நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில். சனிக்கிழமை காலையில் அப்பா சவரம் செய்துகொண்டிருந்தபோது நான் தனியாக நடந்து போனேன். அன்று பார்ட்டி நடந்த அந்த மஞ்சள் வீட்டுக்கு இப்போது நீல வண்ணம் அடித்திருக்கிறார்கள். முன் வராந்தாவில் ஒரு சோபா. அதே சோபாவாகக்கூட இருக்கலாம். புல்லில் சிவப்பு பிளாஸ்டிக் கோப்பைகள், ஒற்றைக் காலணி ஒன்று. ஒரு டோனட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த இரண்டு பெண்கள், “வழி தெரியலையா ஆன்ட்டி?” என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். ஏழு வருடத்துக்கு முன் அக்டோபரில், விடியற்காலையில், செய்தித்தாள் போட வந்த பெண் உன்னை அந்த வராந்தாவில்தான் கண்டாள். அளவுக்கு மீறிக் குடித்து, நினைவில்லாமல், உடம்பு சில்லிட்டு, ஒருக்களித்துக் கிடந்தாய். முதுகில் உன் பச்சைப் பை. பை நிறையப் பாடப்புத்தகம். கூட யாரும் இல்லை. அவள்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், அப்பா அவரை முடிக்க விடவில்லை. இதையெல்லாம் இதுவரை யாரும் உன்னிடம் வரிசையாகச் சொன்னதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நெல்ஸைத் தங்க வைத்த மாணவன் பெயர் குவின். காலைச் சாப்பாட்டுக்கு அவனையும் அழைத்துக்கொண்டு போனோம். நல்ல பிள்ளை. பான்கேக் மேல் பாகை ஊற்றினான், தட்டு நிரம்பி மேசையில் வழிந்தது. அப்பாவுக்கு அவனை உடனே பிடித்துவிட்டது. எனக்கும் பிடித்தது, அதைச் சொல்ல வேண்டும். நான் கேட்பதற்கு முன் அவனே, “நீங்க கவலைப்படாதீங்கம்மா, இங்க நாங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவோம்” என்றான். எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்றேன். “யாராச்சும் ஓவராப் போயிட்டாங்கன்னா சைடுல படுக்க வெச்சு, புத்தகப் பைய முதுகுல மாட்டி விட்டுருவோம். அப்பத்தான் மல்லாக்கப் பொரள மாட்டாங்க. வாந்தி எடுத்தாலும் தொண்டைய அடைக்காது. வந்த மொத வாரமே சீனியருங்க சொல்லிக் குடுத்துருவாங்க.” பெருமையாகத்தான் சொன்னான். அப்பாவின் முள்கரண்டி தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. எப்போதிருந்து இப்படி என்றேன். “எப்பவுமேதான்” என்றான். “பைய மாட்டினப்புறம்?” “தூங்குவாங்க.” “பக்கத்துல யாரு இருப்பா?” குவின் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், பாவம். “யாராச்சும் இருப்பாங்கம்மா.” நான் அவனிடம், “மூச்சு வருதான்னு பாக்கப் பைக்குத் தெரியாதுப்பா” என்றேன். நெல்ஸ் குவினைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சிக்னி, உன் அறைத்தோழி ப்ரின் அன்று மருத்துவமனை நடையில் இரவு உடையோடு நின்றாள். காலில் இரண்டு வெவ்வேறு செருப்பு. “பைய மாட்டினோம், நாங்க மாட்டினோம், சத்தியமா மாட்டினோம்” என்று திரும்பத் திரும்ப அழுதாள். குடித்து விழுந்தவள் முதுகில் வேடிக்கைக்கு மூட்டை கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், அதைத்தான் ஒப்புக்கொள்கிறாள் என்று நினைத்தேன். ஏழு வருடமாக அப்படியேதான் நினைத்தேன். “இனிமே என் பொண்ணு பக்கமே வராதே” என்றேன். வேறு சில வார்த்தைகளும் சொன்னேன். கிறிஸ்துமஸ் சமயத்தில் அவள் நம் வீட்டுக்குப் போன் செய்தபோது நீ தூங்குகிறாய் என்றேன். நீ தூங்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து காலுறையில் நூல் பிரித்துக்கொண்டிருந்தாய். அந்தப் பெண் தனக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறாள். அது போதவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்க வேண்டும், கூடவே இருந்திருக்க வேண்டும். மாட்டிக்கொள்வோம் என்று பயந்திருப்பார்கள். அவர்களுக்கும் பதினெட்டு வயதுதானே. அவர்களை நான் முழுக்க மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் உனக்கு இருந்த ஒரு தோழியை நான்தான் வாசலோடு திருப்பி அனுப்பினேன். அதை உன்னிடம் சொல்லாமல் இனி என்னால் வண்டி ஓட்ட முடியாது.

வீட்டுக்குத் திரும்ப மூன்று மணி நேரம். உன்னை அழைத்து வந்தபோது அப்பா வழி முழுக்க ரேடியோவில் கால்பந்து ஆட்டத்தைச் சத்தமாக வைத்திருந்தார், ஞாபகம் இருக்கிறதா. இந்த முறையும் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பின் இருக்கையிலிருந்து நெல்ஸ், “அம்மா, பேஸ்மெண்ட்ல ஃப்ரீசருக்குப் பின்னாடி அக்காவோட பச்சைப் பை இருக்கே. கேட்டப்பல்லாம் ஜிப்பு உடைஞ்சிருக்குன்னு சொல்லுவியே” என்றான். ஆமாம் என்றேன். “உடையல. போன வருஷமே இழுத்துப் பாத்தேன்.” அப்பா ரேடியோவை அணைத்தார். பிறகு, “மோனோ வந்தவங்க பைய எதுக்கும்மா ஒளிச்சு வைக்கணும்?” என்றான். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. அது உன் அக்காவின் விஷயம், அவள்தான் சொல்ல வேண்டும் என்றேன். அது உண்மை. அதற்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன் என்பதும் உண்மை.

போன வெள்ளிக்கிழமை வழக்கம் போல பெவ்வின் மதுக்கடைக்கு மீன் வறுவல் சாப்பிடப் போனோம். அப்பாவின் கொள்கை உனக்குத் தெரியும். பெற்றோர் கூட இருந்தால் பிள்ளை குடிக்கலாம் என்று நம் மாநிலத்தில் சட்டமே இருக்கும்போது, நம் கண் முன்னால் பழகிக்கொண்டால் வெளியே போய் ஆட மாட்டார்கள் என்பது. உன்னையும் பதினாறு வயதில் அதே மேசையில்தான் பழக்கினோம். பெவ் கேட்காமலே நெல்ஸுக்கு அரை கிளாஸ் பீர் கொண்டு வந்து வைத்தாள். அப்பா அதை அவள் பக்கம் தள்ளி, தன் பிராந்தியையும் சேர்த்துத் தள்ளினார். “என்ன டுவேன், திடீர்னு சாமியாராயிட்டியா?” என்று பெவ் கத்தினாள், கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “இன்னிக்கு ஒரு நாள் பொழச்சுப் போறேன் விடு, சோடா குடு” என்றார் அப்பா. பிறகு நெல்ஸிடம் கேட்டார், “ஒருத்தன் குடிச்சிட்டு விழுந்து கெடக்கறான், எழுப்பினா எந்திரிக்கல. என்ன பண்ணுவ?” “911 கூப்பிடுவேன்.” “கூப்பிடாதடா, எல்லாரும் மாட்டிக்குவோம்னு கூட இருக்கறவன் சொல்றான்.” “கூப்பிடுவேன்.” “உன்னக் காலேஜ விட்டே தூக்கிருவாங்க.” “தூக்கட்டும்பா.” “ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் எங்க இருப்ப?” “அவன் பக்கத்துலயே.” அப்பா திரும்பவும் முதலிலிருந்து கேட்டார். மூன்று முறை. மீன் ஆறிப்போய்விட்டது. நெல்ஸ் மூன்று முறையும் சலிக்காமல் பதில் சொன்னான். உனக்கும் ப்ரினுக்கும் இதை யாரும் கேட்டிருக்கவில்லை. நாங்கள் குடிக்கத்தான் சொல்லிக் கொடுத்தோம்.

அவன் போகட்டுமா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவனைக் கேட்டால், “அக்கா போகாதேன்னா போகல” என்கிறான். அந்தச் சுமையை உன் தலையில் வைக்க வேண்டாம் என்று அப்பா சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, இருந்தும் எழுதிவிட்டேன். முடிவை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். நீ அவனுக்கு எழுது, அது போதும். நடந்ததை எழுதினாலும் சரி, பாதியை எழுதினாலும் சரி, இப்போது முடியாது என்று ஒரு வரி எழுதினாலும் சரி. காய்ச்சல் என்று மட்டும் எழுதாதே. ப்ரினின் முகவரியைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். நீ சரி என்று சொன்னால்தான் எழுதுவேன்.

படகின் மேல்தளத்துக்குப் போகும்போது மிதவைச் சட்டையைப் போட்டுக்கொள், பக்கத்தில் இருப்பவர் போட்டிருக்கிறாரா என்றும் பார். கம்பளிக் காலுறை நான்கு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன். நீ போகிற கடலும் உன்னோடு நிற்கிற ஆட்களும் உனக்கு நல்லவர்களாக இருக்க வேண்டும் என்று தினமும் வண்டியைக் கிளப்புவதற்கு முன் வேண்டிக்கொள்கிறேன். இன்னொன்று. நேற்று அந்தப் பையை மேலே கொண்டுவந்துவிட்டேன். ஏழு வருடத்துக்குப் பிறகு சமையலறை நாற்காலியில் ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. எந்தக் கல்லூரிக்குப் போனாலும் அதை எடுத்துக்கொண்டு போகலாமா என்று உன்னிடம் கேட்கச் சொன்னான் நெல்ஸ். யார் முதுகிலும் மாட்ட மாட்டானாம். புத்தகம் வைக்க மட்டும்தானாம். பை உன்னுடையது. கொடுக்கலாமா என்று எழுது.

உன்னைக் கேட்காமலே இருந்துவிட்ட,
அம்மா
ஜோலீன்