பம்ப் போட்டாச்சா என்று கேட்காதே

அன்புள்ள பெரியவளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் பேசலாமென்றால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

தம்பிக்குக் காய்ச்சல் அதிகம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம். முதலில் வயிற்று வலி, வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தான், பேதி வேறு. தெருமுனை டாக்டர் மாத்திரை கொடுத்து, பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், இடியே விழுந்தாலும், தோலுக்கடியில் ஊசி குத்தி ராத்திரி முழுக்க மருந்து ஏற்றுகிற அந்தப் பம்பை அவனுக்குப் போடாமல் விளக்கை அணைக்க மாட்டோம். பிறந்ததிலிருந்தே ரத்தம் ஊறாத பிள்ளை, மாதாமாதம் ஏற்றுகிற ரத்தத்தோடு இரும்பும் உள்ளே போய்த் தங்கிவிடும், அதை இழுத்து வெளியே தள்ளத்தான் அந்த மருந்து, அதை விட்டால் இரும்பு இதயத்தில் போய்ப் படியும் என்று பயந்து பயந்துதானே அவனை இந்த வயதுக்குக் கொண்டுவந்தோம். இன்னைக்கு வேணாம்மா என்று கெஞ்சினான். அம்மா விடவில்லை. நீயும் போனில், உடம்பு முடியாதப்பதான் இன்னும் கவனமா போடணும் என்றாய். நானும் தலையாட்டினேன். அழ அழக் குத்தினாள், மறுநாளும் குத்தினாள், அதற்கடுத்த நாள் அவனுக்குக் கண் செருகிவிட்டது.

இங்கே ரத்த டாக்டரம்மா முதலில் கேட்டதே பம்ப் போட்டீங்களா என்றுதான். ஒரு நாள்கூட விடலை டாக்டர் என்று உன் அம்மா பெருமையாகச் சொன்னாள். அதைக் கேட்டு அவர் முகமே மாறிவிட்டது. குடலுக்குள் நுழைகிற கிருமிக்கும் வளர இரும்பு வேண்டுமாம். உடம்பு அதைக் கண்ணில் காட்டாமல் பூட்டி வைக்கும், கிருமி பட்டினியில் அடங்கிக் கிடக்குமாம். இவனிடம்தான் இரும்புக்குப் பஞ்சமில்லையே. போதாததற்கு, அந்த மருந்து பிடித்து இழுக்கிற இரும்பை இந்த ஒரு ஜாதிக் கிருமி அப்படியே வாங்கித் தின்றுவிடுமாம். தானாகப் பிடிக்கத் துப்பில்லாததற்கு நாமே ஊட்டிவிட்டிருக்கிறோம். அது கொழுத்துக் குடலைத் தாண்டி ரத்தத்தில் கலந்துவிட்டது. காய்ச்சலும் வயிற்று வலியும் வந்ததுமே மருந்தை நிறுத்திவிட்டு ஓடி வந்திருக்கணும், ஆரம்பத்திலேயே சொல்லியிருப்பாங்களே என்றார். சொல்லியிருக்கலாம். விடாதே என்ற ஒரு சொல்தான் நம் மண்டையில் ஏறியது.

இப்போது மருந்தை மாற்றி மாற்றி ஏற்றுகிறார்கள், ஈரலில் சீழ் கட்டியிருக்கிறதாம். பிழைப்பானா என்று கேட்டேன், டாக்டரம்மா சீட்டைப் பார்த்துக்கொண்டே, பார்க்கலாம் என்றார். எனக்குப் பயமாக இருக்கிறதம்மா. நேற்று உன் அத்தை வந்தாள், பிள்ளை வெளுத்துக் கிடக்கிறானே என்று ஒரு பை நிறைய ஆப்பிளும் இரும்பு டானிக்கும். அந்தப் பாட்டிலைப் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் எறிந்துவிட்டாள் உன் அம்மா. கல்யாணமான நாளிலிருந்து நாத்தனாரிடம் குரல் உயர்த்தாதவள். ஆப்பிளை நான்தான் தின்றுகொண்டிருக்கிறேன். நீ அனுப்பிய புதுப் பம்ப் பிரிட்ஜ் மேல் இருக்கிறது, அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருக்கிறாள்.

உன்னை நீயே நொந்துகொள்ளாதே. நாம் மூன்று பேரும் அவன்மேல் உயிராய் இருந்துதான் இப்படி ஆயிற்று. குழந்தையை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு உடனே புறப்படு, கிளம்பும்முன் ஒரு வாய் சாப்பிடு. நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று மறக்காதே. போன் எடுத்ததும் நீ கேட்கிற முதல் கேள்வியை இனி அம்மாவிடம் கேட்காதே. இன்று மத்தியானம் தம்பி கொஞ்ச நேரம் கண் விழித்தான். அம்மா, பம்ப் போட்டாச்சா என்றான். போட்டாச்சு கண்ணு, நீ தூங்கு என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் நிம்மதியாகத் தூங்கிப்போனான்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்து வாசலிலேயே நிற்கும்
அப்பா