கோமதி அக்காவின் பச்சைக்கல்

வெள்ளி, ஆவணி 20

நாத்தனார் கோமதி அக்காவின் பச்சைக்கல் பதக்கத்தை நேற்று ஒரு கல்யாணத்துக்கு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். கேட்டதுமே கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். அந்தப் பெரிய மனசு யாருக்கு வரும்! பளிச்சென்று திருப்பிக் கொடுக்கலாமே என்று, வைரத் தோட்டைக் கழுவுவதுபோல, காலையில் பூந்திக்கொட்டை போட்ட வெந்நீரில் ஊறவைத்தேன். எடுத்துத் துடைத்தால் கல் மங்கிப்போய், உள்ளே வெள்ளை வெள்ளையாய்க் கீறல்.

ஆட்டோ பிடித்து, தி.நகரில் கல் பதிக்கிற கடைக்கு ஓடினேன். கடைக்காரர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“பயப்படாதீங்கம்மா. மரகதம் பூமிக்குள்ள உண்டாகும்போதே கீறலோடதான் உண்டாகும். அது தெரியாம இருக்க எண்ணெய் ஏத்துவாங்க. உங்க வெந்நீர்ல அது வெளிய வந்துடுச்சு. திரும்ப ஏத்திட்டா சரியாயிடும்.”

“அப்ப இது வெறும் கண்ணாடி இல்லையே?”

“கண்ணாடின்னா நீங்க கழுவின கழுவுக்கு இன்னும் மினுமினுன்னுல்ல இருக்கும்! இது அசல்.”

கடையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் கோமதி அக்காவுக்கு போன் போட்டு, ஒன்று விடாமல் சொன்னேன். திட்டு விழும் என்று போனைக் காதிலிருந்து தள்ளியே பிடித்திருந்தேன்.

“நெஜமாவே மரகதமாடி?”

“சத்தியமாக்கா.”

“அடக் கடவுளே! கண்ணாடின்னு நெனச்சுதானே உனக்குக் கொடுத்தேன்!”

இந்தப் பெரிய மனசைத்தான் நான் கல்யாண மண்டபம் முழுக்கச் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தேன்.