எழுதினது யாரு?

தங்கச்சி ஜெயக்கொடிக்கு, அண்ணன் சொல்லி எழுதுவது.

கடலைக்கொல்லையில் களையெடுக்கும்போது நீ கட்டிய அங்காளம்மன் பாட்டை நான் பாடிப் பதிவு செய்த அன்று, கம்பெனிக்காரர் கேட்டார்: "பெரியவரே, பாட்டு எழுதினது யாரு?"

"மளிகைக்கடை ஆனந்தராஜுங்க. நான் சொல்லச் சொல்ல அவன்தான் எழுதினான்."

கட்டினது யாரென்று கேட்டிருந்தால் உன் பேர்தான் வாயில் வந்திருக்கும். அவர் ஆனந்தராஜ் பேரையே போட்டுக்கொண்டார். பாட்டு எங்கே ஒலித்தாலும் எழுதினவருக்குப் பணத்தில் பங்கு போகுமாம். அது எனக்குத் தெரியாது.

அமாவாசையன்று மேல்மலையனூரில் ஒலிபெருக்கியில் ஆனந்தராஜ் பேரைச் சொல்லி உன் பாட்டைப் போட்டதும் நீ பாதியில் பஸ் ஏறிவிட்டாயாம். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பேரை மாற்ற ஆனந்தராஜ் சம்மதித்துவிட்டான். உன் கைநாட்டும் வேண்டுமாம். அதற்குச் செஞ்சிக்கு வருவாயா?

இதையும் அவன்தான் எழுதுகிறான். யார் கடிதமென்று கேட்டால், அண்ணன் கடிதமென்று சொல்வாயா?

உன் அண்ணன்,
கைநாட்டு.