ஈஸ்வரி நான் இல்லை

இன்று காலை பதினோரு மணிக்கு மின்சாரம் போனது. வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு தறிகளும் ஒரே நேரத்தில் நின்றன. தறிச் சத்தத்துக்குப் பழகிய குரலைக் குறைக்க மறந்து, "கண்ணு, டீ வெக்கட்டுமா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி அம்மா கத்தினாள். ஆபீசுக்கு லீவு போட்டு உட்கார்ந்திருந்த என் மடியில் உன் நாவலின் அச்சுப்படி கிடந்தது. திடீரென்று வந்த அந்த அமைதியில் உன்மேல் எனக்குக் கோபம் பொங்கியது. இறந்துபோனவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு வருகிறதே, என்ன செய்ய?

பிழை பார்க்கும் வேலையை உன் அம்மாதான் என்னிடம் கொடுத்தார். "அவ எழுத்து உனக்குத்தான் சாமி தெரியும். ஒருக்கா பார்த்துப்போடு." நம் சண்டையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நீ சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்ல வேண்டிய எதைத்தான் நீ சொல்லியிருக்கிறாய்?

நாவலின் கையெழுத்துப் படியைப் படித்தவர்கள் எல்லோரும், கதாநாயகி சுகந்தி அப்படியே நீதான் என்கிறார்கள். சுகந்தி மில் மேனேஜரை எதிர்த்துக் கேள்வி கேட்கிறாள். பஸ்ஸில் இடித்தவனை, கண்டக்டரின் விசிலைப் பிடுங்கி ஊதி நடு ரோட்டில் இறக்கிவிடுகிறாள். "எழுதினவங்க எப்படி இருந்திருப்பாங்கன்னு அந்தப் பொண்ணைப் பார்த்தாலே தெரியுதுங்க" என்றார் பதிப்பாளர். நானும் இன்று காலை வரை அப்படித்தான் நம்பியிருந்தேன்.

முதல் பட்டதாரி சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்றபோதுதான் உன்னை முதலில் பார்த்தேன். ஜெராக்ஸ் கடை மிஷினும் ஜனங்களும் போட்ட கூச்சலுக்கு நடுவே இரண்டு மணி நேரம் ஓயாமல் பேசினாய். "ஏம்புள்ள, உங்கூட்லயும் தறிதானா? அப்பறம் எங்கூட்டுக்காரங்க மாதிரி தொண்டை இல்லாம எப்படிப் பொறந்தே?" நான் சிரித்தேன். அதற்குப் பின் மூன்று வருடம் சூலூரிலிருந்து கோயமுத்தூர்க் கல்லூரிக்கு ஒரே பஸ்ஸில் போனோம். பேசியது முழுக்க நீ. ஜன்னலோரம் உட்கார்ந்து டிக்கெட்டை நகத்தளவுக்கு மடித்துக்கொண்டிருப்பது நான். என் பை வாரில் வரிசையாகக் குத்தியிருக்கும் ஊக்குகளை எண்ணி, "எத்தனை பேர் துணி கிழியும்னு காத்திருக்கறே?" என்று கேலி செய்வாய்.

மூன்றாம் வருடம் தமிழ் மன்றக் கூட்டத்தில் உன் நாவலின் ஓர் அத்தியாயம் வாசிக்கப்பட்டது. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி, வேறொரு பெண்ணை வாசிக்க வைத்தாய். அதில்தான் ஈஸ்வரி வந்தாள். தறி ஓடும்போது ஓயாமல் பேசி, தறி நின்றதும் வாயை மூடிக்கொள்கிற பெண். வேலைக்கான நேர்காணலில், ஏசி அறையின் அமைதியில், ஒரு வார்த்தை வராமல் எழுந்து வந்துவிடுகிறாள். திரும்பும் பஸ்ஸில் டிக்கெட்டை நகத்தளவுக்கு மடிக்கிறாள். அவள் பை வாரில் ஊக்குகள்.

அரங்கமே திரும்பி என்னைப் பார்த்தது.

மறுநாளிலிருந்து வகுப்பில் என் பெயர் ஈஸ்வரி. கேம்பஸ் இன்டர்வியூ அன்று உள்ளே என்னைக் கூப்பிட்டதும், பின்னாலிருந்து ஒருத்தி, "யாராச்சும் தறியை ஓட்டி விடுங்கடி, அப்பத்தான் பேசுவா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு போய் உட்கார்ந்தேன். கேட்டதற்கெல்லாம் பதில் தெரிந்திருந்தும் தலையைத்தான் ஆட்டினேன். வேலை கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்த நான், கல்லூரி முடிந்ததும் தறிக்கு நூல் கண்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இன்டர்வியூவுக்கு மறுநாளே நூலக வராந்தாவில் உன்னைப் பிடித்துக் கேட்டேன். "என்னைய எழுதிப்போட்டு வேடிக்கை பாக்கறயா? அவளை எடுத்துடு. இல்லீன்னா எங்கூடப் பேசாதே."

"அது நீ இல்ல புள்ள" என்றாய்.

"அப்ப யாரு? சொல்லு."

நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அந்த வராந்தாவில் மின்விசிறிச் சத்தம்கூட இல்லை. உன் மௌனத்தைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்துப் பழுப்பு உறையில் பத்தொன்பது தாள்கள் வந்தன. ஈஸ்வரி வரும் பக்கங்கள் மொத்தமும். உறைமேல், "எடுத்துப்போட்டேன். நீயே வெச்சுக்க." நான் பிரிக்கவே இல்லை. அதன் பிறகு ஒருமுறை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து போனில் கூப்பிட்டாய். ஹாரன், பூக்காரம்மாவின் கூவல், "பல்லடம் பல்லடம்" என்று கத்தும் கண்டக்டர். "இப்பத்தான் பேச வருது, கேளு புள்ள" என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மன்னிப்புக் கேக்கறதுன்னா சத்தமில்லாத எடத்துல இருந்து ஒழுங்காக் கூப்புடு" என்று வைத்துவிட்டேன்.

நீ கூப்பிடவில்லை. இரண்டு மாதம் கழித்து, நான்கே நாள் காய்ச்சலில் போய்விட்டாய்.

இன்று தறி நின்ற அமைதியில்தான் அந்த உறையைப் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே உறைத்தது. தறி ஓடும்போது ஈஸ்வரி பேசிக்கொண்டே இருக்கிறாள். நான் தறி ஓடினாலும் பேசமாட்டேனே! இது எப்படி எனக்குத் தெரியாமல் போனது? அரங்கம் திரும்பிப் பார்த்த கூச்சத்தில் ஊக்கும் டிக்கெட்டும்தான் என் கண்ணில் பட்டன.

எங்கள் வீட்டுக்கு வந்தால், முக்கியமான எதையும் தறி ஓடுகிற கொட்டகைக்குள் போய்த்தான் என்னிடம் சொல்வாய். வாய்மொழித் தேர்வுக்குப் போய் இரண்டே நிமிடத்தில் வெளியே வந்து, "ஈசிதான்" என்றாய். மதிப்பெண் பட்டியலில் உன் பெயர் கடைசியில் இருந்தது. உன் எழுத்தை நீயே வாசிக்கவில்லை. உனக்கு வேண்டிய துணிச்சலையெல்லாம் சுகந்திக்குக் கொடுத்துவிட்டு, உன்னை ஈஸ்வரிக்குள் ஒளித்து வைத்தாய். யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று, உன் பயத்தின்மேல் என் ஊக்கைக் குத்திவிட்டாய்.

"அது நான்தான்" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஒரு துண்டுச் சீட்டில் எழுதியிருக்கலாமே! இத்தனை பக்கம் எழுதத் தெரிந்தவளுக்கு அது மட்டும் ஏன் வரவில்லை? நீ சத்தத்தைத் தேடிப் போய் என்னைக் கூப்பிட்டாய் என்பது தறி வீட்டில் பிறந்த எனக்கே புரியவில்லையே! யார்மேல் அதிகக் கோபம் என்று எனக்குத் தெரியவில்லை.

ஈஸ்வரி இல்லாத நாவலை மறுபடி புரட்டினேன். எல்லோரையும் ஜெயிக்கிற சுகந்தி இருக்கிறாள். நீ இல்லை. அந்தத் தாள்களைச் சேர்த்தால் கல்லூரி நண்பர்கள் மறுபடி என்னைத்தான் சொல்வார்கள். போன மாதம்தான் ஒரு கணக்கு ஆபீசில் சேர்ந்திருக்கிறேன். அங்கேயும் யாராவது படிப்பார்கள்.

பதிப்பாளரைக் கூப்பிட்டேன். பின்னால் அச்சு இயந்திரம் தடதடத்தது. ஈஸ்வரி வரும் பத்தொன்பது பக்கத்தைச் சேர்க்க வேண்டும் என்றேன். அவர், "ஏனுங்க அம்மணி, அந்த ஈஸ்வரி நீங்கதான்னு காலேஜ்ல பேசிக்கிட்டாங்களாமே? உங்களுக்குப் பரவாயில்லீங்களா?" என்று கேட்டார்.

"ஈஸ்வரி நான் இல்லை" என்று உன்னைக் காட்டிக்கொடுக்க வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. "இருக்கட்டுங்க. சேர்த்துப்போடுங்க" என்றேன்.

"என்னங்க? இங்க ஒரே சத்தமுங்க. வெளிய போயிக் கூப்புடட்டுங்களா?"

"வேண்டாமுங்க" என்றேன். "அங்கிருந்தே பேசுங்க. எனக்குக் கேக்குதுங்க."