பாய்த் தடுப்புக்குள்

செப்டம்பர் 4

மகன் பிறந்தான். தொப்புள்கொடி விழும்வரை மனைவி ரோர்க்குவேயோடு நானும் இந்தப் பாய்த் தடுப்புக்குள்தான். இறைச்சி கூடாது, ஓடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. நான் உடம்பை வருத்தினால் பிள்ளையின் உடம்புக்குப் போய்ச் சேரும். எங்கள் கிரிக்கதி இனத்து ஆண் எவனும் இதற்குத் தப்பியதில்லை.

செப்டம்பர் 6

மைத்துனன் தெப்ஹோத் வெளியே நின்று சிரிக்கிறான். "என்ன மச்சான், பால் சுரக்குதா?"

பக்கத்துப் பண்ணைக்காரன் புல்லுக்குத் தீ வைத்திருக்கிறான். காற்று எங்கள் பக்கம். தெப்ஹோத் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறான்.

"என் நிலம், என் இஷ்டம்னு போர்த்துகீசியத்துல கத்துறான். நான் நம்ம பாஷையில நல்லா நாலு வார்த்தை சொன்னேன். பாவம், நன்றின்னு நெனச்சுத் தலையாட்டுறான்!"

சிரித்தேன். ஆனால் அவன் பண்ணை வேலியே எங்கள் மண்ணுக்குள்தான் நிற்கிறது. ஊரில் தீயணைக்கும் குழுவை நடத்துகிறவன் நான். இங்கே படுத்திருக்கிறேன்.

செப்டம்பர் 7

புகை.

செப்டம்பர் 8

பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது. நான் அசையக்கூட இல்லையே! மாமியார் எங்கள் முறைப்படி மருமகனான என்னிடம் நேராகப் பேசாமல் மகளிடம் சொன்னாள்: "அவரைத் தீயைப் பத்தி நெனைக்காமப் படுக்கச் சொல்லு."

நினைக்காமல் எப்படி?

செப்டம்பர் 9

காலையில் குழுவோடு போன தெப்ஹோத் மட்டும் திரும்பவில்லை. போனால் பிள்ளை. போகாவிட்டால் அவன். நான் என்னதான் செய்யட்டும்?

செப்டம்பர் 11

நேற்று மாமியார் பாயை விலக்கி என் முகத்தை நேராகப் பார்த்தாள். "மாப்பிள்ளை, என் மகனைக் கூட்டிட்டு வாங்க. பேரனை நான் பாத்துக்கறேன்." கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு. பேசக் கூடாத பேச்சு.

ஓடினேன். தெப்ஹோத் ஓடைச் சேற்றில் கால் பிசகிக் கிடந்தான். தோளில் தூக்கி வந்தேன். பிறகு எல்லோருமாகத் தீ வரும் வழியில் இருந்த புல்லை நாங்களே முன்கூட்டிக் கொளுத்தி, எதிர்த்தீயால் அதை ஊருக்கு முன்னால் நிறுத்தினோம். வீடுகள் தப்பின. மேற்கே கண்ணுக்கெட்டியவரை கரி.

பிள்ளை பால் குடிக்க மாட்டேன் என்கிறான். நான் ஓடினேன், தூக்கினேன் — எல்லாம் செய்தேன்.

செப்டம்பர் 12

யாரும் சொல்லவில்லை. நானாகவே உள்ளே வந்து படுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 15

நேற்று காய்ச்சல் விட்டது. இன்று கொடியும் விழுந்தது. மரக்கட்டையைத் தோளில் சுமந்து ஓடும் பந்தயத்துக்குப் பையன்கள் வெளியே கூவுகிறார்கள்.

"போயேன், அதான் எல்லாம் முடிஞ்சுதே" என்கிறாள் ரோர்க்குவே.

காதில் விழாதவன்போல் கிடக்கிறேன். பிள்ளை என் நெஞ்சின்மேல் தூங்குகிறான்.