ஒரே தடவைதான் கேட்டோம்

அக்கா,

புது பிளெக்ஸ் பேனருக்கு ஒரு வாடை உண்டு. மண்ணெண்ணெயும் புது ரப்பர் செருப்பும் கலந்த மாதிரி இருக்கும், தொண்டைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். உன் முதலாமாண்டு நினைவு நாளுக்குத் தெருமுக்கில் கட்டியிருந்ததை இன்று கழற்றி, சுருட்டி, நம் அறையில் பீரோவுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்ததும் அந்த வாடைதான் முகத்தில் அடித்தது. படிக்க உட்கார்ந்தேன், முடியவில்லை. உன்னிடம் சண்டை போடாமல் இனி முடியாது என்று தோன்றியது.

போன வாரம் அப்பா என்னைப் பிளெக்ஸ் கடைக்குக் கூட்டிப் போனார், எழுத்துப் பிழை பார்க்க. வீட்டில் நான்தானே புத்தகப் புழு. கணினித் திரையில் நீ நின்றாய். நீலச் சேலை. குறுக்குத்துறைப் படித்துறையில் நான் எடுத்த படம் அது. உன் பின்னால் ஆறு இருக்கவேண்டும். கடைக்கார அண்ணாச்சி ஆற்றை அழித்துவிட்டு அங்கே ஈபிள் கோபுரத்தை நிறுத்தியிருந்தார்.

"அண்ணாச்சி, அக்கா அங்கன போகவே இல்ல. பாரிஸ்ல ஏர்போர்ட்ட மட்டும்தான் பாத்தா. அவ போனது வேற ஊரு."

"பிரான்சுன்னா சனத்துக்கு இதுதானம்மா தெரியும்? அவ படிச்ச கட்டடத்தப் போட்டா, இது எந்த ஊரு பாலிடெக்னிக்குன்னு கேப்பான்."

அப்பாகூட லேசாகச் சிரித்தார். கோபுரத்தையாவது விட்டுவிடுவேன். உன் காலடியில் மஞ்சள் எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'கடல் கடந்து சென்றபோதும், காய்ச்சலில் கிடந்தபோதும், ஒருநாளும் முகம் சுளிக்காத எங்கள் பொன்மகளே!'

இரண்டு தடவை படித்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

முகம் சுளிக்காதே என்பது அப்பாவுடைய வார்த்தை, உனக்கு நினைவிருக்கும். கல்லூரியில் நீ தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தது மார்க்குக்காக. உங்கள் வகுப்பில் பாதிப் பேர் அதற்காகத்தான் எடுத்திருந்தார்கள். அந்த மொழி உனக்குப் பிடித்துப்போகும் என்றோ, அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பத்து நாள் தங்கிப் படிக்க உங்கள் கல்லூரியிலிருந்து தேர்வான ஒன்பது பேரில் நீ ஒருத்தியாக இருப்பாய் என்றோ நம் வீட்டில் யாரும் நினைக்கவில்லை. அப்பா ஒரு மாதம் மாட்டேன் என்றார். உங்கள் பிரெஞ்சு மேடம் வீட்டுக்கே வந்து பேசிய பிறகுதான் தலையாட்டினார். கிளம்புகிற அன்று அப்பா தன் பஸ் டிரைவர் காக்கிச் சட்டையோடு வாசலில் நின்று சொன்னார்: "குடுத்ததச் சாப்பிடு. எதுக்கும் முகம் சுளிக்காத. யார்ட்டயும் மல்லுக்கு நிக்காத. நல்ல பேரோட திரும்பி வா."

நான் உனக்கு ஒரு நோட்டு கொடுத்துவிட்டேன். இருபத்து மூன்று கேள்விகள். அந்த ஊர் ஆற்றுக்கு என்ன பெயர், அதில் குளிப்பார்களா, பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் தனியாகவா உட்காருவார்கள், நூலகம் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா. நீ நான்குக்குத்தான் பதில் எழுதிக்கொண்டு வந்தாய். ஐந்தாவது கேள்விக்கு எதிரே 'பசிக்குது' என்று எழுதியிருந்தாய். அது பதில் இல்லை, அன்றைய நிலவரம்.

அங்கே நீ ஒரு குடும்பத்தோடு தங்கினாய். அந்த வீட்டு அம்மாவுக்குத் தபால் நிலையத்தில் வேலை. காலையில் கிண்ணத்தில் காப்பி, இரண்டு துண்டு ரொட்டி. தின்றதும் "இன்னும் வேண்டுமா?" என்று கேட்பார்கள். நீ "போதும்" என்று சொல்வாய்.

நம் வீட்டில் 'போதும்' என்பது பேச்சின் தொடக்கம். நாம் போதும் என்போம். அம்மா "என்னத்தச் சாப்ட்ட?" என்பாள். நாம் இரண்டு கையாலும் தட்டை மறைப்போம். அவள் விரல் இடுக்கில் தோசையைச் செருகுவாள். மூன்றாம் தடவை சொல்வதுதான் உண்மையான பதில். உனக்கு அது மட்டும்தான் தெரியும்.

"ஏட்டி, இங்கன ஒரே தடவதான் கேக்காங்க," என்று போனில் கிசுகிசுத்தாய். அங்கே காலை, இங்கே மத்தியானம். "மறுபடி கேப்பாங்கன்னு நான் பல்லக் காட்டிட்டு உக்காந்திருக்கேன். அந்தம்மா ரொட்டிக் கூடைய எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ நாலு நாள் அரைப்பட்டினி கிடந்திருக்கிறாய். அம்மா வைத்துவிட்ட முறுக்கு இரண்டாம் நாளே தீர்ந்துவிட்டது. ஆனால் அம்மாவிடம் போனைக் கொடுத்ததும், "சாப்பாடெல்லாம் பிரமாதம்மா" என்றாய்.

வகுப்பிலும் அதே கதை. தினம் காலையில் அந்த ஆசிரியர், நேற்று எப்படி இருந்தது என்று கேட்பார். ஒன்பது பேரும் ஒரே குரலில் ரொம்ப நன்றாக இருந்தது என்பீர்கள். நான்காம் நாள் அவர் மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "நாலு நாளாக ஒரு குறையும் இல்லை என்றால் நீங்கள் இன்னும் எங்கள் நாட்டுக்கு வந்து சேரவில்லை" என்றாராம். அன்றைய வீட்டுப்பாடம், தங்கியிருக்கும் வீட்டில் ஒரு புகார் சொல்லவேண்டும். அவர்கள் பதில் சொன்னால் அதற்கும் பதில் சொல்லவேண்டும். நடந்ததை மறுநாள் எழுதிக்கொண்டு வரவேண்டும்.

நீ குளியலறைக் கண்ணாடி முன்னால் பதினோரு தடவை சொல்லிப் பார்த்தாய். சாப்பாட்டு மேசையில் சொல்லும்போது உனக்குக் காது இரண்டும் சுட்டது. எனக்குப் பசிக்கிறது, நீங்கள் ஒரே தடவைதான் கேட்கிறீர்கள். அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ எனக்கு எத்தனை முறை நடித்துக் காட்டியிருப்பாய்! அந்த அம்மாவாக நீயே இடுப்பில் கைவைத்து, "நீ வேண்டாம்னு சொன்ன. நான் மறுபடி கேட்டா ஒன் வார்த்தைய நம்பலன்னு ஆகாதா?" என்பாய். உடனே இந்தப் பக்கம் வந்து நீயாக நின்று, "எங்க ஊர்ல மறுபடி கேக்கலன்னா பிரியம் இல்லன்னு ஆயிரும்" என்பாய். அரைமணி நேரம் வாதாடினீர்கள். வீட்டுக்காரர் முதலில் மனைவி பக்கம் பேசி, பிறகு உன் பக்கம் வந்துவிட்டார். கடைசியில் ஓர் ஒப்பந்தம். அவர்கள் இரண்டு தடவை கேட்பார்கள், நீ முதல் தடவையே உண்மையைச் சொல்லவேண்டும். அன்று எத்தனை துண்டு தின்றாய் என்று கேட்டதற்கு, "எண்ணலட்டி" என்றாய்.

அப்புறம் சொன்னாய்: "அவ்வளவு சண்டையிலயும் யாரும் தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சிப் போகலட்டி." அதைச் சொல்லும்போது உன் முகம் எப்படி இருந்தது என்று நான் கவனித்தேன். பரிசு வாங்கியவள் முகம்.

நீ திரும்பி வந்த மறுநாள் காலை. "அம்மா, எனக்கு இன்னும் ரெண்டு தோச வேணும். சட்னியில உப்பு கூடிட்டு," என்றாய். ஒரே மூச்சில், சிரித்துக்கொண்டே. அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். "பத்து நாள்ல வாயி நல்லா நீண்டுட்டே," என்றார் அப்பா.

அப்போது நான் சொன்னேன், நான்தான் சொன்னேன், "பிரான்ஸ்காரி வந்துட்டா, எல்லாரும் எந்திரிச்சி நில்லுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அந்தப் பேர் உன்மேல் ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில் நெரிசல் என்றால், பிரான்ஸ்காரிக்கு டவுன் பஸ் ஒத்துக்கலையோ. தலைவலி என்றால், பிரான்ஸ்காரிக்கு நெல்லை வெயில் ஆகலையோ. சொன்னது அப்பா, பெரியப்பா, அம்மா, அதிகமாக நான். ஒரு மாதம் கழித்து நீ மறுபடியும் "போதும்மா" என்று தட்டை மறைத்தாய். அம்மா விரல் இடுக்கில் தோசையைச் செருகிவிட்டு, "எம்பிள்ள பழையபடி ஆயிட்டா" என்று சந்தோஷப்பட்டாள்.

ஏழு மாதம் கழித்து அந்தச் செவ்வாய்க்கிழமை உனக்குக் காய்ச்சல் வந்தது.

அம்மா கேட்டாள், "எப்படிட்டி இருக்கு?" நீ சொன்னாய், "பரவால்லம்மா." அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார், "ஆஸ்பத்திரிக்குப் போவமா?" நீ சொன்னாய், "வேண்டாம்ப்பா." அவர் பாபநாசம் வண்டிக்குப் போய்விட்டார். நான் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல் கேட்டேன், "தண்ணி வேணுமாக்கா?" "வேண்டாம்ட்டி." நான் பக்கத்தைத் திருப்பினேன்.

வெள்ளிக்கிழமை நீ எழுந்து நிற்க முடியாமல் சரிந்தபோதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா உன் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, இங்கே எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேட்டார்கள். "மூணு நாளா" என்றாய்.

அம்மா உன் பக்கம் திரும்பி, "மூணு நாளாவாட்டி?" என்றாள். அந்தக் குரலை நான் இன்னும் கேட்கிறேன். டெங்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நீ இல்லை.

உனக்கு வாய்விட்டுச் சொல்லத் தெரிந்திருந்தது அக்கா. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. தெரியாதவள் என்றால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். ஊர் பேர் தெரியாதவர்கள் வீட்டில், அவர்கள் மொழியில், காது சுடச் சுடப் பசிக்கிறது என்று சொன்னவள் நீ. உன் சொந்தக் கட்டிலில் கிடந்துகொண்டு, பிறந்ததிலிருந்து பேசுகிற பேச்சில், வலிக்குது என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? எங்களுக்குப் பயந்தாயா? அப்பாவின் ஒரு பேச்சுக்கா? நான் வைத்த ஒரு பட்டப்பெயருக்கா?

இந்த இடத்தில் வரும்போதெல்லாம் என் கோபம் உன்னை விட்டுவிட்டு எங்கள்மேல் பாய்கிறது. ஒரு தோசைக்கு மூன்று தடவை கேட்கிற வீடு இது. காய்ச்சலுக்கு ஆளுக்கு ஒரு தடவை கேட்டோம். நீ சொன்னதை அப்படியே நம்பினோம். நம்புவது எங்களுக்கு வசதியாக இருந்தது.

பிளெக்ஸ் கடையில் நான் சொன்னேன், "இந்த வரி வேண்டாம்."

"ஏன், நல்லாத்தான இருக்கு?" என்றார் அப்பா.

"அவ முகம் சுளிச்சா. நாமதான் பாக்கல."

"ஏட்டி, கடையில நிக்கோம். சத்தம் போடாத."

"அக்காட்ட எத்தன தடவப்பா கேட்டோம்? நீங்க எத்தன தடவ கேட்டீங்க? நான் ஒரு தடவ. அதுவும் புக்கு படிச்சிட்டே கேட்டேன். இப்ப காய்ச்சல்லயும் முகம் சுளிக்கலன்னு அவளுக்குப் பட்டம் குடுக்கோம். தெருவுல போற பிள்ளையெல்லாம் இதப் படிக்கும். பொம்பளப்பிள்ளன்னா இப்படித்தான் கெடக்கணும்னு நெனைக்கும்."

அண்ணாச்சி எலிப்பொறியில் கைவிட்டவர் மாதிரி மவுஸைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அப்பா திரையையே பார்த்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டு நின்றிருப்பேன்.

"அந்த வரிய எடுத்துரும் வே," என்றார் அப்பா. குரல் அவருடையது மாதிரி இல்லை.

"எடுத்துருதேன். அங்கன எடம் காலியா நிக்குமே, வேற என்ன போட?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை புத்தகம் படித்த எனக்கு ஒரு வரி வரவில்லை. "காலியாவே கெடக்கட்டும்," என்றேன்.

அப்படியேதான் கட்டினார்கள். உன் பெயர், தேதி, கோபுரம், கீழே ஒரு வெறும் நீலப் பட்டை. பெரியப்பா வந்து, கடைக்காரன் எழுத மறந்துவிட்டானா என்று கேட்டார். "நாங்கதான் அப்படிப் போடச் சொன்னோம்," என்றார் அப்பா. கோபுரத்தையும் எடுக்கச் சொல்லி அம்மாவிடம் மல்லுக்கு நின்றேன். "அவதான் அதப் பாக்கலைல்லா? இப்பமாவது அங்கன நிக்கட்டும்," என்றாள். ஆனாலும் ஆற்றை அழித்ததற்கு எனக்குக் கோபம்தான்.

நேற்று மத்தியானம் வகுப்பில் ஜெனிபர் டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்துக் கிடந்தாள். கடற்கரை ஊரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறவள். என்ன செய்யுது என்று கேட்டேன். ஒண்ணுமில்ல என்றாள். மறுபடி கேட்டேன். ஒண்ணுமில்ல. மறுபடியும் கேட்டேன்.

"ஒனக்கென்ன கிறுக்காட்டி? ஒண்ணுமில்லன்னு சொல்லுதேன்லா?"

"ஆமா, கிறுக்குதான். என்ன செய்யுது?"

முறைத்தாள். நான் சோற்று டப்பாவை மூடிவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மணி அடிக்கப் போகிற நேரத்தில், "காதுக்குள்ள குத்துது. முந்தாநாள்ல இருந்து," என்றாள்.

கையைப் பிடித்து ஆசிரியர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். வராந்தா முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே போனேன். பாதித் திட்டு உனக்கு.