எட்டு இல்லை, நானூறு

எண்ணூர், 18.3.2002

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? கோத்தகிரிப் பனியில் கோட்டு போடாமல் சோலைக்குள் போகாதீர்கள். சின்னான் குருவிகள் கூடு கட்டத் தொடங்கிவிட்டனவா?

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்படாதீர்கள். கழிமுகத்தில் நிலக்கரிச் சாம்பல் கொட்ட அனுமதி கேட்கும் கம்பெனிக்குத்தான் பறவை எண்ணித் தந்தேன். வடக்கே கிளம்புமுன் சேற்றில் கூடியிருந்த உள்ளான் பறவைகள் மட்டும் நானூறு. மேனேஜர் தாளைப் பார்த்துவிட்டு, "எட்டுன்னு போடும்மா" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னோடு வந்திருந்த படகோட்டி சுப்பராயன் அண்ணன், "இன்னா சார், எங்க கண்ணு அவிஞ்சா பூட்ச்சி?" என்று கத்தினார். நான் கையெழுத்துப் போடவில்லை. அன்றே வேலை போனது. வேறொருவன் கையெழுத்தில் எட்டு என்றே அறிக்கை போய்விட்டது.

அடுத்த மாதம் கருத்துக்கேட்புக் கூட்டம். நெட்டுக்குப்பத்து மீனவர்கள் என்னைப் பேசச் சொல்கிறார்கள். பேசுவேன். தினமும் அண்ணனோடு போய் எண்ணுகிறேன்.

கம்பெனி பைனாகுலரைப் பிடுங்கிக்கொண்டார்கள். உங்களுடையதை அனுப்புங்கள். தைலம் ஒரு பாட்டில். நீளமாக ஒரு கடிதமும், அறையில் பேச யாருமில்லை.

படகு வந்துவிட்டது. சீக்கிரம் அனுப்புங்கள், ஏப்ரலில் உள்ளான்கள் பறந்துவிடும்.

மலர்க்கொடி